டிவி ரூம் வாசலில் சித்தப்பா

சித்தப்பாவுக்கு அந்த யோசனை உதித்த நிமிடத்தில் நான் அவர் ஏறி நின்ற பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வேன். பார்த்தது மட்டும்தான். புரிந்ததா என்று கேட்டால், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருடம். நான் நாலாம் வகுப்பு. சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரகடம் ரோட்டில் இன்றைக்கு நிற்கிற கம்பெனிகள் எதுவும் அப்போது வரவில்லை. எங்கள் வட்டாரத்துக்கு இருந்தது ஒரே கம்பெனி, டியூப்லைட்டுக்குச் சோக் செய்கிற கம்பெனி. அதில் செம்புக் கம்பி சுற்றுகிற லைனில் எங்கள் ஊர்ப் பெண்கள் முப்பது பேர். சித்தி அதில் ஒருத்தி. சித்தப்பா அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

சித்தப்பா என்றால் என் அப்பாவின் தம்பி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சித்தப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது: வாசிப்பது. படப்பை லைப்ரரியிலிருந்து பெண் விடுதலை பற்றிய சின்னச் சின்னப் புத்தகங்களாகக் கொண்டுவந்து, மிஷின் ரிப்பேர் இல்லாத நேரமெல்லாம் வாசிப்பார். வாசித்து வாசித்து அவர் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். சட்டத்தைத் திருத்தினால் மட்டும் பெண்ணுக்கு விடுதலை வந்துவிடாது. வீட்டுக்குள் ஆண்பிள்ளை எதையெல்லாம் தன் பிறப்புரிமை என்று நினைக்கிறானோ அதையெல்லாம் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்குகிற வேலையை ஆண்பிள்ளையே முன்னால் நின்று செய்ய வேண்டும். முன்னால் நிற்பது என்றால் சித்தப்பாவுக்கு மைக் முன்னால் நிற்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து டிவி ரூம் வாசலில், சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் என்று ஊரெல்லாம் சொன்னார். வாடகைக்கு மைக்செட் வந்தது. மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். நாலு மணிக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள். அவர்களும் சாயங்காலம் டிவியில் படம் போடுவார்கள் என்பதற்காக முன்கூட்டியே இடம்பிடிக்க வந்தவர்கள் என்பதை இங்கே சொல்லாவிட்டால் பாவம்.

சித்தப்பா தளரவில்லை. "வூடுதாங்க மொதல் கம்பெனி" என்று ஆரம்பித்தார். "அங்க ஆம்பளதான் சூப்பர்வைசர். பொம்பளைக்கு ஷிப்டு கெடயாது, லீவு கெடயாது, ஓ.டி. கெடயாது." எனக்கு மெய்சிலிர்த்தது. கடலை தின்ன மறந்தேன். அப்புறம் சித்தப்பா குரலை உயர்த்தி, மேடைத் தமிழுக்கு மாறி, "எங்கே போனார்கள் நம் பெண்கள்? தங்கள் விடுதலைக்கான கூட்டத்துக்கு ஏன் ஒருத்தர்கூட வரவில்லை?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது நாலிலிருந்து ஐந்து மணி வரை. குழாய் இருப்பது டிவி ரூமுக்கு நேர் எதிரே, முப்பது அடி தூரத்தில். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் வரிசையில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா பேச்சாளரே" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சித்தியின் குரல். "நாங்க எங்கியும் போகல. இங்கதான் தண்ணி புடிச்சிகினு நிக்கிறோம். பேசி முடிச்சிட்டு இந்தக் கொடத்த வூட்டுக்குத் தூக்கினு வந்துருங்க."

குழாயடி சிரித்தது. பதினோரு ஆண்களும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. கோபமா அவமானமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. பல மாதமாகத் தேடிய ஸ்பேனர் தன் சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டுபிடித்த ஃபிட்டரின் முகம் அது. மைக்கைப் பெஞ்சின் மேல் வைத்தார். இறங்கினார். முப்பது அடியையும் நடந்து கடந்து, சித்தியின் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். பேச்சின் முடிவுரை இன்றுவரை பேசப்படவில்லை.

அன்றைக்கு அடுப்படியில் சித்தி சோறு வடிக்க, சித்தப்பா எதிரே குந்திக்கொண்டு கேட்டார். "அப்ப நான் இன்னா செய்யணும்ன்ற?"

"டிவி ரூமுக்குள்ள நாங்க பேசணும். நீங்க தண்ணி புடிக்கணும்."

"புடிக்கிறேன். நான் புடிச்சிட்டு வந்து உள்ள ஒரு ஓரமா..."

"நீங்க உள்ள வந்தீங்கன்னா நாங்க பேச மாட்டோம். நீங்கதான் பேசுவீங்க."

சித்தப்பா கொஞ்ச நேரம் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

இத்தனை வருடம் கழித்து இப்போது நான் எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்து இதே விஷயத்தைப் பக்கம் பக்கமாக வாசிக்கிறேன். பெண் விடுதலையில் ஆணுக்கு என்ன வேலை? கூட நடப்பதா, பின்னால் நடப்பதா, தள்ளி நிற்பதா? எல்லாக் கட்சியிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். விவாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கஞ்சியும் அந்த "சரி"யும்தான் ஞாபகம் வரும். எவ்வளவு சின்ன வார்த்தை, எவ்வளவு பெரிய மனுஷன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டிவி ரூமுக்குள் சோக் கம்பெனிப் பெண்கள் முப்பது பேரும் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வாசலில் சித்தப்பாவும் அவர் கெஞ்சிக் கூட்டிவந்த எட்டு ஆண்களும். இவர்கள் பொறுப்பில் நாங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஒரு அண்டா உப்புமா, நாலு மணித் தண்ணீர். படம் ஆரம்பிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்று சித்தப்பா அவர்களுக்குச் சத்தியம் செய்திருந்தார். முடியவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் ஊர் ஆண்கள் படம் பார்க்காமல் இருந்தார்கள். பெண் விடுதலைக்காக அவர்கள் அதுவரை செய்ததிலேயே பெரிய தியாகம் அதுதான்.

உப்புமா அடிபிடித்ததைக்கூட மன்னித்துவிடலாம். தண்ணீர்தான் சிக்கல். எல்லா வீட்டிலும் சந்தையில் ஒரே ஆளிடம் வாங்கிய பிளாஸ்டிக் குடங்கள். சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு. பிடித்து வைத்தாயிற்று, நாற்பது குடம் வரிசையாக நிற்கிறது. எது யார் வீட்டுக் குடம் என்று அங்கிருந்த ஒன்பது ஆண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

"டேய், இது என் வூட்டுதுடா."

"எப்பிடிச் சொல்ற?"

"செவப்பா கீது."

எனக்குத் தெரியும். விளிம்பு உருகியது ஒரு வீட்டுக்கு, கழுத்தில் கறுப்புக் கயிறு இன்னொரு வீட்டுக்கு. பாதிக் குடங்களை நானே பிரித்துக் கொடுத்தேன். மீதிக்கு, "உள்ள போய்க் கேட்டுகினு வா கண்ணு" என்று சித்தப்பா என்னை அனுப்பினார். இப்படித்தான் நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதும் வருவதுமாக ஆனேன். அந்தப் போக்குவரத்தில்தான் எல்லாவற்றையும் கேட்டேன்.

கம்பெனியில் லைன் பெண்களுக்குக் கக்கூஸ் போக ஒரு டோக்கன் வைத்திருந்தார்கள். கையளவு மரக்கட்டை. முப்பது பேருக்கும் அது ஒன்றுதான். அது சூப்பர்வைசரின் மேஜைமேல் இருக்கும். அவர் எதிரில் போய் நின்று எடுக்க வேண்டும். அவர் வாட்சைப் பார்ப்பார், "மறுபடியுமா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். அதற்குக் கூச்சப்பட்டு ஷிப்டு முடிகிற வரைக்கும் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள். சித்தி வேலையிலிருந்து வந்ததும் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரைக் குடிப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சோக் கம்பெனியில் தண்ணீர்ப் பானை வைக்க மாட்டார்கள்போல என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "முப்பது பேரும் ஒண்ணா மிஷின நிறுத்தணும். டோக்கன யாரும் தொடக்கூடாது. நேரா போய் வரிசையில நிக்கணும். மேனேஜர் எறங்கி வர்ற வரைக்கும் நிக்கணும். அதுவரைக்கும் எந்த வூட்டு ஆம்பள காதுலயும் இது விழக்கூடாது. விழுந்துச்சுன்னா காலைல ஒருத்தியும் கம்பெனி வேன் ஏற மாட்டா. ஏற வுட மாட்டானுங்க."

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"பச்சைக் குடம் யாருதுன்னு கேக்க வந்தேன்."

"கேட்டியாடி?"

"கேட்டேன்."

"வெளியில சொல்லுவியா?"

"மாட்டேன்" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். ஆனால் வெளியில் வந்ததும் எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. ஊர் ஆண்களுக்குச் சொல்லக் கூடாது, சரி. சித்தப்பா எப்படி ஊர் ஆண்கள் ஆவார்? இந்தக் கூட்டமே அவரால் வந்தது. நேரே அவரிடம் ஓடினேன். அவர் இடுப்பில் யாரோ ஒருத்தரின் குழந்தை, கையில் கரண்டி.

"சித்தப்பா, உள்ள இன்னா பேசறாங்க தெரியுமா?"

"உன் சித்தி என்கிட்ட சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்ப எனக்கு வேணாம்."

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன். உப்புமாக் கரண்டியோடு என் வாயைப் பொத்தினார். மூக்கெல்லாம் உப்புமா. சித்தப்பா கோபித்துக்கொண்டார் என்று முடிவு செய்தேன். தான் கூட்டிய கூட்டத்தில் தன்னையே வெளியே நிறுத்திவிட்டார்களே, யாருக்குத்தான் ரோஷம் வராது?

நைனா கதைக்குள் வருவது இங்கேதான். ஊர்ப் பெண்களைச் சோக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நைனாதான். சூப்பர்வைசர் அவருக்குப் பழக்கம். "உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு நீதான் ஜவாப்தாரி" என்று சொல்லித்தான் அவர் வேலை கொடுத்திருந்தார். நைனா கெட்டவர் இல்லை, பயந்தவர். முப்பது வீட்டு வேலை போனால் முப்பது வீடும் தன் வாசலில் வந்து நிற்கும் என்ற பயம். கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்து என் தட்டில் போட்டார். அவர் அப்படிச் செய்வது தீபாவளிக்குக்கூட நடக்காது.

"எஞ்செல்லம் உள்ள போய் வந்துதாமே. இன்னாமா பேசினாங்க?"

அம்மா குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். சித்திக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் கருவாடு. கருவாடு ஜெயித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்த நேரம் வாசற்படியில் சித்தப்பா நின்றார்.

"ண்ணா, கொழந்தைய கேக்காத."

சித்தப்பா நைனாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் எதிரில் பீடிகூடப் பிடிக்க மாட்டார். நைனா தட்டைத் தள்ளிவைத்தார்.

"அப்ப நீ கேளேன். உன் பொண்டாட்டிதானே தலைவி? ஆம்பளதானே நீ?"

"கேட்டா சொல்லிடுவா ண்ணா. அதனாலதான் கேக்கல."

"உன் வூட்டுல உனக்கே தெரியாம ஒண்ணு நடக்குது. வெக்கமா இல்ல உனக்கு?"

"கொஞ்சம் இருக்குதுண்ணா" என்றார் சித்தப்பா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ சாப்பிட்டியா? வா, எங்க வூட்டுல முட்டை கீது" என்று என் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கருவாட்டை விட்டு வந்த துக்கத்தில் அந்தப் பதிலின் அழகு எனக்கு உறைக்கவில்லை. வெட்கமே இல்லை என்று மார்தட்டியிருந்தால் அது இன்னொரு மேடைப்பேச்சு. இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, இருந்தும் கேட்காமல் இருந்தார் பாருங்கள், அங்கேதான் நான் அவர் காலில் விழுகிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பத்து மணி எப்போது ஆகும் என்று பார்த்துப் பார்த்து, வாய்ப்பாட்டில் தப்பு விட்டு அடி வாங்கினேன். நடந்ததைச் சாயங்காலம் சித்தி வந்து சொல்லித்தான் கேட்டேன். சித்தப்பாவுக்குச் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பார்த்த பாதியை நடுநடுவே அவரும் சொன்னார்.

பத்து மணிக்கு முப்பது மிஷின் நின்றது. அந்த அமைதியே பயமாக இருந்ததாம். வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து கத்தினார். எவளும் வாயைத் திறக்கவில்லை. அவர் நேரே மெயின்டனன்ஸுக்குப் போய், அத்தனை ஆட்களுக்கு நடுவில் சித்தப்பாவைக் கேட்டார்.

"இதெல்லாம் உன் வேலைதானே?"

"இல்ல சார்."

"உன் பொண்டாட்டிதான் முன்னால நிக்கிறா. உனக்குத் தெரியாது?"

"தெரியாது சார்."

"பொண்டாட்டி இன்னா பண்றான்னே தெரியாதவன்லாம் ஒரு புருஷனாய்யா?"

மெயின்டனன்ஸ் முழுக்கச் சிரித்ததாம். அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பேரே 'தெரியாது சார்' என்று ஆகிவிட்டது. சித்தப்பா அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு மோட்டாருக்குக் கிரீஸ் தடவப் போய்விட்டார். மேனேஜர் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த மரக்கட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "வாட் இஸ் திஸ்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். டோக்கன் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் மிஷினை நிறுத்தியதற்காக முப்பது பேருக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது, இங்கிலீஷில்.

சித்தி இதையெல்லாம் சொல்லச் சொல்ல சித்தப்பா குழந்தை கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ, அப்புறம்?" "முப்பது பேருமேவா?" எனக்குச் சிரிப்பாக வந்தது. நேற்றே உப்புமாக் கரண்டியை எடுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேனே. இதற்காகவா ஒரு நாள் பூரா காத்திருந்தார்?

மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார்கள். "நான் சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றாள் சித்தி. "ஒரு வார்த்த நீங்களா சேக்கக் கூடாது." சித்தப்பா எழுதினார். நடுவில் இரண்டு தடவை பேனா நின்றது. வேரோடு பிடுங்க வேண்டியவை பற்றி ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவர் பேனா முனையில் தவித்துக்கொண்டிருந்ததை அவர் கழுத்து நரம்பில் பார்க்க முடிந்தது. எழுதவில்லை. பதில் மொத்தமே நாலு வரி. சித்தி அதை மறுபடி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை ஷிப்டு முடிந்து, சைக்கிளைக்கூட வீட்டில் விடாமல் சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"ண்ணா, நாளைக்கு மறுபடி கூட்டம். இந்த வாட்டி அண்ணி உள்ள போகட்டும். வாசல்ல நீயும் நானும் இருக்கலாம்."

நைனா பேப்பரை இறக்கவில்லை. "அவ எதுக்குடா? அவ இன்னா கம்பெனிக்கா போறா?"

"அதுக்குத்தான் ண்ணா."

நைனா பக்கத்தைப் புரட்டினார். சித்தப்பா போகவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார், எவ்வளவு நேரமானாலும் சரி என்கிற மாதிரி.

நான் பின்பக்கம் போனேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணியை அன்றைக்கே துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளைக்கான மாவு ஆட்டியாயிற்று. விறகு பிளந்து அடுக்கியாயிற்று. எனக்கும் தம்பிக்கும் ஒரு நாள் முன்னாடியே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வீட்டில் ஒரு வேலையும் மிச்சமில்லை.

"எங்கம்மா போறோம் நாளைக்கு?" என்று கேட்டேன்.

"எங்கியும் இல்லடி" என்றாள், காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டே.

எங்கேயும் போகாத நாளுக்கு அம்மா எதற்காக இவ்வளவு அவசரப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.